மை முதலா, புடைப்பு முதலா?

வாழ்த்து அட்டை செய்கிறேன் என்றதும் பலரும் கேட்பது, எந்த மை வாங்கலாம், எந்த மெஷின் நல்லது என்பதைத்தான். அக்கா மகள் கேட்டது வேறு. பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "சித்தி, போன அட்டைக்கு மையைத் தேய்ச்சுட்டு அப்புறம் எம்பாஸ் பண்ணீங்க. இதுக்கு எம்பாஸ் பண்ணிட்டு மையைத் தேய்க்கறீங்க. எதுதான் சரி?" என்றாள். எம்பாஸ் என்றால் தாளில் ஒரு வடிவத்தை மேடாகப் புடைக்க வைப்பது. இரண்டும் சரிதான் என்று அப்போது சொல்லிவிட்டேன். ஆனால் அவள் கேட்டதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது. அதே காகிதம், அதே மை, தாளைப் புடைக்க வைக்கும் அதே பிளாஸ்டிக் ஃபோல்டர் என்றாலும், எதை முதலில் செய்கிறோம் என்பதை மாற்றினால் அட்டையே வேறாகிவிடும். அதை அவளுக்கும், அவளைப் போலக் கேட்கிறவர்களுக்கும் விரிவாக எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

மடித்த அட்டையின் மேல் நான் நேரடியாக வேலை செய்வதில்லை. பின்னணியைத் தனித் தாளில் செய்து, மனதுக்குப் பிடித்தால் முகப்பில் ஒட்டுவேன். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்தால் 105 x 148 மி.மீ. அளவில் ஓர் அட்டை கிடைக்கும். 114 x 162 மி.மீ. அளவுள்ள சி6 உறையில் அது கச்சிதமாக நுழையும். முகப்புத் தாளை 95 x 138 மி.மீ. என்று வெட்டினால் சுற்றிலும் 5 மி.மீ. வெள்ளை நிற்கும். அந்த வெள்ளை விளிம்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எவ்வளவு அடர்ந்த நிறமாக இருந்தாலும், ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தால்தான் அது நிறம் என்றே கண்ணுக்குத் தெரிகிறது.

காகிதத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனம்) வரையுள்ள, வழவழப்பான, அமிலமற்ற வெள்ளை அட்டைத் தாள் போதும். தண்ணீர் தெளித்து விளையாடப்போகிறீர்கள் என்றால் மட்டும் வாட்டர்கலர் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எல்லாத் தாளுக்கும் இழையோட்டம் உண்டு. தாளை இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, அந்த வளைவின் கோட்டோடுதான் இழை ஓடுகிறது. மடிப்பு அந்தத் திசையில் இருந்தால் விரிசல் விடாது. கோடு போடாமல் தடித்த அட்டையை மடிக்கவே கூடாது. எலும்புக் கத்தியாலோ, முனை மழுங்கிய குச்சியாலோ அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடித்தால் முதுகு நேராக நிற்கும்.

இனி மை. டை மை, அதாவது சாய மை, காகிதத்துக்குள் ஊறும், சீக்கிரம் காயும், நிறம் பளிச்சென்று இருக்கும், வெயில் பட்டால் நாளடைவில் மங்கும். பிக்மென்ட் மை, அதாவது நிறமித் துகள் கலந்த மை, காகிதத்தின் மேலேயே படிந்து நிற்கும், மெதுவாகக் காயும், வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். கைவினைக் கலைஞர் டிம் ஹோல்ட்ஸ் பெயரில் வரும் டிஸ்ட்ரெஸ் மையைத் தண்ணீர் தொட்டால் நிறம் அசைந்து பரவும். அதே வரிசையில் வரும் ஆக்ஸைடு மையில் டையும் பிக்மென்டும் கலந்திருக்கும். தண்ணீர் பட்ட இடத்தில் சுண்ணாம்பு பூத்தது போல ஒரு வெளிர் படலம் எழும். பின்னணிக்கு எனக்கு இந்த இரண்டும்தான் அதிகம் பயன்படுகின்றன. பொடி தூவி உருக்குவதற்கு நிறமே இல்லாத, பிசுபிசுப்பான வெர்சாமார்க் மை தனியாக வேண்டும்.

மையைத் தேய்ப்பதற்கு மயிர் அடர்ந்த வட்டப் பிரஷ்ஷோ, நுரைப் பஞ்சோ போதும். பிரஷ்ஷில் மையை எடுத்ததும் முதலில் தாளுக்கு வெளியே, பாய் மேல் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே தாளுக்குள் வர வேண்டும். முதல் தொடுதல் தாளின் நடுவில் விழுந்தால் அந்தப் பொட்டு கடைசிவரை போகாது. கை கனமாக இருக்கக் கூடாது. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போங்கள். இரண்டும் சேரும் இடத்தில் திரும்பவும் வெளிர் நிறத்தை ஒரு சுற்று ஓட்டினால் கோடு தெரியாமல் கரையும். மஞ்சளும் ஆரஞ்சும், நீலமும் பச்சையும் போலப் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் எப்படிச் சேர்த்தாலும் அழகாகவே இருக்கும். மஞ்சளையும் ஊதாவையும் நேராகச் சேர்த்தால் சேற்று நிறம்தான் வரும். இரண்டும் ஒரே அட்டையில் வேண்டுமென்றால் நடுவில் ரோஜா நிறத்தை வையுங்கள்.

சரி, வரிசைக்கு வருகிறேன்.

ஃபோல்டர் எம்பாஸிங் என்பது அழுத்தத்தால் நடப்பது. உள்ளே மேடும் பள்ளமுமாக ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு பிளாஸ்டிக் பக்கங்கள். நடுவில் தாளை வைத்து, பலகைகளுக்கு இடையே சொருகி, உருளை மெஷினில் கைப்பிடியைச் சுற்றினால் காகித இழைகள் அந்த வடிவத்துக்கு நீண்டு, அப்படியே நின்றுவிடும்.

முதலில் மை, பிறகு புடைப்பு என்று செய்தால் நிறம் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி இருக்கும். வடிவத்தைக் காட்டுவது நிழல் மட்டும்தான். நேராகப் பார்த்தால் ஒரு வண்ணத் தாள். கொஞ்சம் சாய்த்தால் இலையும் கொடியும் எழுந்து வரும். இது அமைதியான பின்னணி. இரங்கல் அட்டைக்கும், நீளமாக ஏதாவது எழுத வேண்டிய அட்டைக்கும் நான் இதைத்தான் எடுப்பேன். சொல்லுக்கு முன்னால் வந்து நிற்காத பின்னணி அது.

முதலில் புடைப்பு, பிறகு மை என்றால் கதை வேறு. காய்ந்த பிரஷ்ஷால் மேலோட்டமாகத் தேய்த்தால் மேடுகள் நிறத்தை வாங்கிக்கொள்ளும். பள்ளங்கள் வெளிறியே இருக்கும். இன்னும் அழுத்தமாக வேண்டுமென்றால் மை பேடையே கவிழ்த்துப் பிடித்து, மேடுகளின் மேல் சும்மா உரசுகிற மாதிரி இழுக்கலாம். விளிம்புகள் கூர்மையாக எழும். பழைய சுவர், மரப்பட்டை, செங்கல் மாதிரியான வடிவங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. அதே தாளில் மையைத் தண்ணீராகக் கரைத்துத் தெளித்தால் நேர் எதிராக நடக்கும்: நீர் பள்ளத்தில் தேங்கி, அங்கே நிறம் அடர்ந்து, மேடுகள் வெளிர் நிறமாக மேலே நிற்கும். புடைப்பு முதலில் என்ற ஒரே வரிசைக்குள்ளேயே மை காய்ந்ததா, நனைந்ததா என்பதைப் பொறுத்து எதிரெதிரான இரண்டு அட்டைகள் பிறக்கின்றன. அக்கா மகளுக்கு நான் ஆசையாகக் காட்டிய இடம் இதுதான். ஒரே ஃபோல்டரில் எடுத்த இரண்டு துண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு, "வேற வேற ஃபோல்டர் மாதிரி இருக்கே" என்றாள்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது; எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. மையைத் தாளில் போடாமல் ஃபோல்டரிலேயே போடுவது. ஃபோல்டரைத் திறந்து, ஒரு பக்கத்தின் மேல் மட்டும் சின்ன உருளையால் மையைப் பூசி, தாளை வைத்து மூடி, மெஷினில் விடுவது. நிறமும் புடைப்பும் ஒரே சுற்றில் விழும். எந்தப் பக்கத்தில் மை பூசுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். வடிவம் மேடாக இருக்கும் பக்கத்தில் பூசினால், அந்த மேடுகள் தாளைக் குழிக்கிற இடத்தில் நிறம் ஏறும். பழைய ஈய எழுத்து அச்சில் அழுத்தி எடுத்தது போலக் குழிந்த, நிறமுள்ள வடிவம் கிடைக்கும். வடிவம் பள்ளமாக இருக்கும் பக்கத்தில் பூசினால், சுற்றியுள்ள சமதளம் முழுக்க நிறமாகி, வடிவம் மட்டும் வெள்ளையாகப் புடைத்துக்கொண்டு வெளியே வரும். பிளாஸ்டிக்கின் மேல் டை மை முத்து முத்தாகத் திரளும். பிக்மென்ட் மையும் ஆக்ஸைடு மையும் ஓரளவு சீராக நிற்கும். வேலை முடிந்ததும் ஃபோல்டரை ஈரத் துணியால் துடைத்து வைத்துவிடுங்கள். மூலையில் தங்கிய மை அடுத்த வெள்ளைத் தாளில் தானாகக் கையெழுத்துப் போடும்.

பெரியம்மாவின் பிறந்தநாள் அட்டையை இந்த மூன்றாவது வழியில்தான் செய்தேன். அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. முன்பு நான் அனுப்பும் அட்டைகளில் நிறம் எப்படிக் கரைகிறது என்று தூரத்தில் பிடித்து ரசிப்பவர், இப்போது மடியில் வைத்து விரலால் தடவிப் பார்க்கிறார். மெல்லிய நிறச் சாயல்கள் அவருக்குப் பயன்படாது. அதனால் ஃபோல்டரின் சமதளத்தில் அடர்ந்த கருநீலத்தைப் பூசி, பெரிய இலைகள் வெள்ளையாகப் புடைக்கும்படி எடுத்தேன். கண்ணுக்கு எட்டுகிற வேறுபாடும் விரலுக்கு எட்டுகிற வேறுபாடும் ஒரே இடத்தில் விழுகின்றன. இலையின் ஓரம் எங்கே முடிகிறது என்பதில் கண்ணும் கையும் ஒத்துப்போகின்றன. "இது இலைதானேடி, நரம்பு கூடத் தட்டுப்படுதே" என்று போனில் சொன்னார். மை முதலில் போட்டுப் பிறகு புடைத்திருந்தால் விரலுக்குத் தெரிந்திருக்கும், கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து எந்த அட்டை செய்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை தடவிப் பார்க்காமல் ஒட்டுவதில்லை.

ஆழமான 3டி ஃபோல்டர் என்றால் தாள் கிழிய வாய்ப்புண்டு. முன்கூட்டியே லேசாக நீர் தெளித்தால் இழைகள் இளகி, விரிசல் விடாமல் நீளும். ஆனால் தண்ணீருக்கு அசையும் மையை முதலில் பூசியிருந்தால், முன்பக்கம் தெளிக்கும் ஒவ்வொரு துளியும் வெள்ளைப் புள்ளியாகிவிடும். அப்போது தாளின் பின்பக்கம் மட்டும் பனி போலத் தெளித்து, ஒரு நிமிடம் விட்டு, பிறகு மெஷினில் கொடுங்கள். பாருங்கள், இங்கேயும் வரிசைதான் பேசுகிறது.

எம்பாஸிங் என்ற பெயரிலேயே இன்னொரு வேலையும் இருக்கிறது. அது அழுத்தத்தால் அல்ல, சூட்டால் நடப்பது. ஸ்டாம்பை (வடிவம் செதுக்கிய முத்திரையை) வெர்சாமார்க்கில் ஒற்றித் தாளில் பதித்து, ஈரம் காய்வதற்குள் பொடியைக் கொட்டி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டினால் பொடி உருகிப் பளபளப்பான மேடாகிவிடும். அந்தப் பொடி, சூட்டில் இளகி ஆறியதும் இறுகும் பிசின் துகள்தான். தலை உலர்த்தும் ட்ரையரால் இது நடக்காது. அதில் காற்று அதிகம், சூடு குறைவு. பொடி உருகும் முன்பே பறந்துவிடும். ஹீட் கன்னைத் தாளுக்கு வெளியே சில நொடிகள் ஓடவிட்டு, சூடேறிய பிறகு கொண்டுவாருங்கள். சொரசொரப்பாக இருந்த துகள் சட்டென்று ஒன்றுகூடி மினுங்கும் அந்த நொடியைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. மினுங்கியதும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். அங்கேயே நின்றால் பிசின் தாளுக்குள் ஊறி, மேடு படுத்து, எண்ணெய்க் கறை போலாகிவிடும். சூடு போதாவிட்டால் பொடி நகத்தில் உதிரும். தாளைக் கையால் பிடிக்காதீர்கள், கிடுக்கியால் பிடியுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கன்னை அணைத்த பிறகும் அதன் மூக்கு கொதிக்கும் என்பதைச் சொல்லிவையுங்கள்.

இந்தச் சூட்டு வேலையிலும் எது முதல் என்பதே முடிவு செய்கிறது. வெள்ளைத் தாளில் நிறமற்ற பொடியை முதலில் உருக்கிவிட்டு, மேலே மை தேய்த்தால், பிசின் மூடிய இடத்தில் மை ஏறாது. கடைசியில் மெல்லிய தாளால் துடைத்துவிட்டால், நிறத்துக்கு நடுவே வடிவம் தாளின் சொந்த வெள்ளையில் மின்னும். இரவு வானத்தில் நட்சத்திரம், நீருக்கடியில் கொடி என்றெல்லாம் செய்வதற்கு இதைப் போல நேர்த்தியான வழியில்லை. மாறாக மை தேய்த்த தாளின் மேல் பிறகு வெள்ளைப் பொடியை உருக்கினால், அந்த வெள்ளை, தேய்த்த நிறத்துக்கு மேலே ஏறி நிற்கும். கொஞ்சம் கனமாக, எழுத்துக்குப் பொருத்தமாக இருக்கும். இரண்டாவது வரிசையில் செய்வதென்றால் மை எலும்புவரை காய்ந்திருக்க வேண்டும். டிஸ்ட்ரெஸ் மை தொட்டால் காய்ந்தது போலத் தோன்றினாலும் பொடியைப் பிடித்துக்கொள்ளும் ஈரம் உள்ளே இருக்கும். ஹீட் கன்னால் நன்றாக உலர்த்தி, நிலைமின்னைப் போக்கும் பொடிப் பையால் தாள் முழுக்க ஒற்றிவிட்டு, அதன் பிறகே ஸ்டாம்ப். அப்படியும் ஒட்டிய ஓரிரு துகளைக் காய்ந்த தூரிகை முனையால் தட்டிவிட்டுச் சூடு காட்டுங்கள்.

மெஷின் இல்லை என்பதால் தள்ளி நிற்கிறவர்கள் நிற்க வேண்டியதில்லை. பித்தளை ஸ்டென்சிலை (வடிவம் வெட்டிய தகட்டை) வெளிச்சமான ஜன்னல் கண்ணாடியில் கவிழ்த்து ஒட்டி, அதன் மேல் தாளின் முகம் ஸ்டென்சிலைப் பார்க்கும்படி வைத்து, பின்பக்கத்திலிருந்து உருண்டை முனைக் குச்சியால் ஓரங்களை மட்டும் அழுத்திக்கொண்டு போனால் போதும். திருப்பினால் புடைப்பு முன்பக்கம் தெரியும். மெழுகுத் தாளால் பின்பக்கத்தை முன்கூட்டியே தேய்த்துக்கொண்டால் குச்சி வழுக்கி ஓடும். இதற்கு 300 ஜிஎஸ்எம் தாள் வேண்டாம், வெளிச்சம் ஊடுருவாது, மெல்லியதாக எடுங்கள். ஸ்டென்சிலை அப்படியே அதே இடத்தில் வைத்து, முன்பக்கம் பிரஷ்ஷால் மை தேய்த்தால் புடைத்த இடத்தில் மட்டும் நிறம் ஏறும். மெதுவான வேலைதான். ஆனால் ஒவ்வொரு கோட்டின் மேலும் கை போய் வந்திருக்கும்.

அட்டையில் கையால் நிறம் ஏற்றுவதும் புடைப்பைச் சேர்ப்பதும் புதிதல்ல. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் ஏற்பாடு செய்து, ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த கிறிஸ்துமஸ் அட்டைதான் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்லப்படுகிறது. கல்லச்சில் கோடுகளை அச்சடித்துவிட்டு, நிறத்தைக் கையால்தான் தீட்டினார்கள். அமெரிக்காவில் 1840களின் இறுதியில் எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண், புடைப்பும் சரிகைத் துளைகளுமாக இங்கிலாந்திலிருந்து வந்த காகிதங்களை அடுக்கி ஒட்டி, காதலர் தின அட்டைகளைத் தொழிலாகவே செய்தார். அடுக்கின் கீழே நிறத் தாள், மேலே புடைத்த வெள்ளைத் தாள் என்று அவர் வைத்த முறையை இன்றைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நிறத்தையும் புடைப்பையும் ஒரே தாளில் போடாமல் இரண்டு தாள்களுக்குப் பிரித்துக்கொடுக்கிற வரிசை அது.

பின்னணி முடிந்த பிறகு நிறையப் பேர் அதை மூடிவிடுகிறார்கள். பூ, ரிப்பன், முத்து, பட்டாம்பூச்சி என்று ஒட்டிக்கொண்டே போனால் அத்தனை நேரம் தேய்த்த நிறம் எங்கே போனது? நல்ல பின்னணிக்கு ஒரே ஒரு வரி போதும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். புடைத்த தாளில் ஸ்டாம்ப் சரியாகப் பதியாது. மேட்டில் பட்டுப் பள்ளத்தில் படாமல் எழுத்து உடையும். அடர்ந்த நிறத் துண்டில் வெள்ளைப் பொடியால் வாழ்த்தை உருக்கி, அந்தத் துண்டை மட்டும் குறுக்கே ஒட்டுங்கள். இல்லையென்றால் தாளின் ஒரு பகுதியைப் புடைக்காமலே விடலாம்: மெஷினில் கொடுக்கும்போது மேல் பலகையை எழுத்து வர வேண்டிய இடத்துக்கு முன்பாகவே நிறுத்திவைத்தால், அழுத்தம் அதுவரைதான் விழும்.

ஒட்டும்போது கனமான புத்தகத்தை மேலே வைக்காதீர்கள்; அவ்வளவு பாடுபட்டு எழுப்பிய மேடு தட்டையாகிவிடும். அழுத்தத்தால் தாள் சற்று வளைந்திருக்கும் என்பதால் நீர்ப் பசையை விட நல்ல இருபக்க டேப் நின்று பிடிக்கும். அஞ்சலில் போகும் அட்டை என்றால் தாளின் பின்னால் அதே அளவில் மெல்லிய நுரைத் தகடு ஒன்றை வைத்து ஒட்டுவேன்; உறை அமுங்கினாலும் புடைப்பு ஓரளவு தாங்கும். உறைக்குள் சூட்டில் உருக்கிய பக்கத்தின் மேல் ஒரு சாதாரண மெல்லிய தாளையும் வைத்துவிடுங்கள். வெயிலில் நின்ற பெட்டிக்குள் பிசின் இளகி உறையில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதனால் குறையும்.

முகப்புத் தாளை வெட்டும்போது ஓரத்தில் மிஞ்சும் துண்டுகளை நான் எறிவதில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் என்ன மை, என்ன ஃபோல்டர், எது முதலில் என்று பென்சிலில் எழுதி, மூலையில் துளையிட்டு வளையத்தில் கோத்து வைத்திருக்கிறேன். அடுத்த அட்டைக்கு உட்காரும்போது இதைத்தான் முதலில் புரட்டுவேன். எந்தக் கடை மாதிரிப் புத்தகத்திலும் இந்த விவரம் இருக்காது. அக்கா மகளும் இப்போது தனக்கென்று ஒரு வளையம் தொடங்கியிருக்கிறாள். நான் இன்னும் செய்து பார்க்காத ஒன்று அவளுடைய வளையத்தில் இருக்கிறது: மை, புடைப்பு, மறுபடியும் மேடுகளின் மேல் இன்னொரு நிறத்தில் மை. கீழே மஞ்சள், மேலே செம்பழுப்பு. இந்த வாரம் அதை ஆக்ஸைடு மையில் செய்து பார்க்கப் போகிறேன்.